தீப்பெட்டியும் பாசிமணியும் கத்திரிக்காயும்: செயற்கை நுண்ணறிவைக் கையால் செய்து புரிந்துகொள்வது

செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆண்டுகளின் பட்டியலைத்தான் கொடுக்கிறோம். 1950, 1956, 2022 என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு வருகிறார்கள். இயந்திரம் எப்படிக் கற்கிறது என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் விழிக்கிறார்கள். கையால் ஒரு முறை செய்து பார்த்துவிட்டால் அந்த ஆண்டுகள் தாமாகவே மனசில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் இங்கே செய்முறை முன்னால் வருகிறது, வரலாறு அதன் ஊடே வருகிறது.

கம்ப்யூட்டர் வேண்டாம். காலித் தீப்பெட்டி 9, ஒரே அளவில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பாசிமணி நிறத்துக்கு 200, புளியங்கொட்டை 10, கத்திரிக்காய் 5, பழைய நாளிதழ், கவர்கள், பென்சில், ஒரு நோட்டு. இவ்வளவுதான். தீப்பெட்டித் தொழில் நடக்கும் குடியாத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலூர்க்காரர்களான நாம் தீப்பெட்டிக்கு அலைய வேண்டியதில்லை. மணி 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். பெரிசாக வாங்கினால் பாதி ஆட்டத்திலேயே பெட்டி மூடாது. குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அது விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள்.

தீப்பெட்டி இயந்திரம்

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தரையில் 10 புளியங்கொட்டை. இரண்டு பேர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு 1, 2 அல்லது 3 கொட்டை எடுக்கலாம். கடைசிக் கொட்டை யார் கைக்கு வருகிறதோ அவர் ஜெயித்தார். ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் தீப்பெட்டிகள். எப்போதும் இயந்திரம்தான் முதலில் ஆடும்.

பெட்டிகளின் மேல் 10, 8, 7, 6, 5, 4, 3, 2, 1 என்று எண் எழுதுங்கள். அந்த எண், இயந்திரத்தின் முறை வரும்போது தரையில் மீதி இருக்கும் கொட்டையைக் குறிக்கிறது. 9 ஏன் இல்லை? இயந்திரம் ஒன்றாவது எடுத்திருக்கும், நீங்களும் ஒன்றாவது எடுத்திருப்பீர்கள்; ஆகவே இரண்டாவது முறை அதற்கு 8-க்கு மேல் வரவே வராது.

சிவப்பு மணி வந்தால் 1 எடு, மஞ்சள் வந்தால் 2 எடு, பச்சை வந்தால் 3 எடு. 10 எண் பெட்டியில் ஒவ்வொரு நிறத்திலும் 8 மணி போடுங்கள். 8 முதல் 3 வரை உள்ள ஆறு பெட்டிகளில் ஒவ்வொரு நிறத்திலும் 4. 2 எண் பெட்டியில் சிவப்பு 4, மஞ்சள் 4. பச்சை கிடையாது, இரண்டு கொட்டையில் மூன்றை எடுக்க முடியாதே. 1 எண் பெட்டியில் சிவப்பு 4 மட்டும். மொத்தம் சிவப்பு 40, மஞ்சள் 36, பச்சை 32, ஆக 108 மணி. கணக்கு உதைத்தால் எங்கேயோ தவறாகப் போட்டிருக்கிறீர்கள், மறுபடி எண்ணுங்கள். 10 எண் பெட்டிக்கு மட்டும் இரட்டிப்பு ஏனென்றால், எல்லா ஆட்டத்திலும் திறக்கப்படுவது அது ஒன்றுதான். குறைவாகப் போட்டால் அதுதான் முதலில் காலியாகும்.

ஆடும் முறை இது. தரையில் எத்தனை கொட்டை இருக்கிறதோ அந்த எண் பெட்டியை எடுங்கள், நன்றாகக் குலுக்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணியை எடுங்கள். அது சொல்லும் அளவு கொட்டையை இயந்திரத்தின் சார்பில் எடுத்து வையுங்கள். எடுத்த மணியை அந்தப் பெட்டியின் தலையிலேயே வைத்துவிட வேண்டும். இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவார்கள். மணியைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த பெட்டியைத் திறப்பார்கள். ஆட்டம் முடியும்போது எது எந்தப் பெட்டியில் வந்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தால் பயன் இல்லை.

இயந்திரம் ஜெயித்தால், தலையில் உள்ள ஒவ்வொரு மணியையும் அதே பெட்டிக்குள் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னும் 2 மணி சேர்த்துப் போடுங்கள். தோற்றால், தலையில் உள்ள மணிகளைத் திரும்பப் போடாதீர்கள், மீதி மணி வைத்திருக்கும் டப்பாவுக்குப் போகட்டும். ஒரு பெட்டி காலியாகிவிட்டால் அந்த இடத்தில் இயந்திரம் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. அதற்கு முன் அந்த ஆட்டத்தில் எடுத்த மணிகள் பறிபோகும். 10 எண் பெட்டியே காலியானால் அதை மட்டும் மறுபடி நிறத்துக்கு 8 போட்டு நிரப்பித் தொடருங்கள்.

ஓர் ஆட்டத்தைக் கிட்டே இருந்து பார்ப்போம். 10 எண் பெட்டியில் மஞ்சள் வந்தது. இயந்திரம் 2 எடுத்தது, மீதி 8. நீங்கள் 1 எடுத்தீர்கள், மீதி 7. 7 எண் பெட்டியில் சிவப்பு. அது 1 எடுத்தது, மீதி 6. நீங்கள் 2 எடுத்தீர்கள், மீதி 4. 4 எண் பெட்டியில் பச்சை. அது 3 எடுத்தது, மீதி 1. அந்த ஒன்றை நீங்கள் எடுத்தீர்கள், ஜெயித்தீர்கள். இப்போது 10-இலிருந்து ஒரு மஞ்சள், 7-இலிருந்து ஒரு சிவப்பு, 4-இலிருந்து ஒரு பச்சை போய்விட்டது.

இந்த ஆட்டத்தில் ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. இதன் சூட்சுமம் எதிராளிக்கு 4-இன் மடங்கை விடுவதுதான். 10 இருக்கும்போது 2 எடுத்து 8-ஐ விட்டது முழுக்கச் சரியான ஆட்டம். தப்பு 7-இல் நடந்தது. அங்கே 3 எடுத்திருக்க வேண்டும். ஆனாலும் தண்டனை சரியாக ஆடிய மஞ்சளுக்கும் சேர்ந்து விழுந்தது. எந்தக் காரியத்துக்கு எவ்வளவு பலன், எவ்வளவு பழி என்று பிரிப்பது இந்தத் துறையில் இன்றுவரை பெரிய தலைவலி. தீப்பெட்டியில் இதற்கு மருந்து பொறுமைதான். பல ஆட்டம் போகப் போக, மஞ்சள் எடுத்த ஆட்டங்களில் வெற்றி கூடுதலாக வரும்; இழந்த மணி திரும்பி வந்துவிடும்.

இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலையில் 50 ஆட்டம் முடித்துவிடலாம். ஒவ்வொரு 10 ஆட்டத்துக்கும் ஒரு முறை எல்லாப் பெட்டியையும் கொட்டி எண்ணி நோட்டில் எழுதுங்கள். கடைசிப் பெட்டிகள்தான் முதலில் தேறும். 3 எண் பெட்டியில் பச்சை வந்தால் அங்கேயே வெற்றி, வேறு நிறம் வந்தால் உஷாரான எதிராளியிடம் அங்கேயே தோல்வி. அதனால் அதற்குச் சீக்கிரம் புரிந்துவிடுகிறது. அந்தத் தெளிவு பிறகு 5, 6, 7-க்கு ஏறும். 10 எண் பெட்டி எல்லாவற்றுக்கும் கடைசி. 4, 8 எண் பெட்டிகள் மெல்ல மெல்லக் காலியாவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்த இரண்டு இடத்திலும் எதிராளி சரியாக ஆடினால் தப்ப வழியே கிடையாது. காலிப் பெட்டி என்பது இயந்திரம் கண்டுபிடித்துவிட்ட ஓர் உண்மை.

மணி நிரம்பிப் பெட்டி மூடவில்லை என்றால் அந்தப் பெட்டியில் ஒவ்வொரு நிறத்திலும் பாதியை எடுத்துவிடுங்கள். எந்த நிறம் எத்தனை பங்கு என்ற விகிதம் மாறாதவரை இயந்திரத்துக்கு ஒன்றும் மறக்காது.

எங்கே கெடும் என்று பார்ப்போம். ஒரு நிறத்தின் மணி மட்டும் பெரிசாக இருந்தால் விரலுக்கு அதுதான் அடிக்கடி சிக்கும். இயந்திரம் கற்காததைக் கற்றது போலக் காட்டும். மணிக்குப் பதில் கலர் பேப்பரைக் கிழித்துப் போடலாம் என்பவர்கள் வேலூர் மே மாதத்தை மறந்துவிடுகிறார்கள். ஃபேன் போடாமல் உட்கார முடியாது, போட்டால் பேப்பர் பறக்கும். இவை சின்னத் தொல்லை. பெரிய தொல்லை, ஒரே ஆளோடு ஆடிக்கொண்டே இருப்பது. எப்போதும் ஒரே ஒரு கொட்டை எடுக்கும் தம்பியோடு 50 ஆட்டம் ஆடிய பெட்டிகள் அந்தத் தம்பியை மட்டும் ஜெயிக்கக் கற்றிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்ததும் திணறும். செல்போனில் இருக்கும் ஏஐ நம் ஊர் விஷயங்களில் தடுமாறும்போதும் பெரும்பாலும் இதே காரணம்தான். அது யாரோடு ‘ஆடி’ வளர்ந்ததோ அவர்களைத்தான் அதற்குத் தெரியும்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் டொனால்டு மிச்சி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். 1961-இல், நல்ல கம்ப்யூட்டர் கைக்குக் கிடைக்காத காலத்தில், 304 தீப்பெட்டிகளை ஒட்டி வைத்து, வட்டமும் பெருக்கலும் போட்டு ஆடும் ஆட்டத்தை அவற்றுக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது, எதிரிகளின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில், கணித மேதை ஆலன் டூரிங்கோடு ஒன்றாக வேலை பார்த்தவர் அவர். அந்த டூரிங்தான் 1950-இல் ‘இயந்திரத்தால் யோசிக்க முடியுமா’ என்ற கேள்வியோடு ஒரு கட்டுரை எழுதினார். கேள்வியை மட்டும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கட்டுரையின் கடைசிப் பகுதியைப் படிப்பவர்கள் குறைவு. பெரியவர் மூளையைச் செய்ய முயலாதே, குழந்தை மூளை போன்ற ஓர் இயந்திரத்தைச் செய்து அதற்குப் பரிசும் தண்டனையும் கொடுத்துப் பாடம் நடத்து என்று அதில் சொல்கிறார். நீங்கள் கூட்டிய 2 மணியும் எடுத்த 1 மணியும் அந்தப் பரிசும் தண்டனையும்தான்.

டூரிங்குக்கும் நம் பக்கத்துக்கும் ஓர் இழை இருக்கிறது. அவருடைய அம்மா எதெல் கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில் பிறந்தவர். அம்மாவின் அப்பா எட்வர்டு ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அந்த ரயில்வேயின் முதல் வண்டி 1856-இல் ராயபுரத்திலிருந்து ஓடி வந்து நின்ற இடம் நம் வாலாஜா ரோடு.

விதி எழுதியவர்கள்

தீப்பெட்டிக்கு நாம் சூட்சுமத்தைச் சொல்லவில்லை. அது எண்ணிக்கையிலிருந்து தானே அங்கே வந்து சேர்ந்தது. ஆனால் ‘4-இன் மடங்கை விடு’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்திருந்தால் 50 ஆட்டமே வேண்டாம், முதல் ஆட்டத்திலிருந்தே ஜெயிக்கும். விதியை மனிதன் எழுதிக் கொடுப்பதா, உதாரணங்களிலிருந்து இயந்திரம் கற்பதா? செயற்கை நுண்ணறிவின் வரலாறு முழுக்க இந்த இரண்டு கட்சிகளின் இழுபறிதான்.

1955-இல் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தானியல் ரோச்செஸ்டர், கிளாடு ஷானன் என்ற நான்கு ஆய்வாளர்களும் சேர்ந்து, 10 பேர் 2 மாதம் உட்கார்ந்தால் இதில் கணிசமாக முன்னேறலாம் என்று நிதி கேட்டு எழுதினார்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயர் அந்த விண்ணப்பத்தில்தான் வருகிறது. 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கூடினார்கள். இரண்டு மாதம் போதவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த 30 ஆண்டுகள் பெரும்பாலும் விதிக் கட்சியின் கைதான் ஓங்கியிருந்தது. 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த மைசின் என்ற நிரலில், ரத்தத்தில் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று டாக்டர்களிடம் கேட்டு எழுதிய விதிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. விதி தெளிவாக உள்ள இடத்தில் இந்த வழி இன்றும் நல்லது. ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டால் காரணம் சொல்லும். ஆனால் நம்மால் சொல்லத் தெரியாத விஷயங்களுக்கு விதி எழுத முடியாது. அம்மாவின் குரலை ஃபோனில் ஒரு ‘ஹலோ’விலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? தெரியும், சொல்லத் தெரியாது.

அந்தக் குரல் வேலையில்தான் ராஜ் ரெட்டி வருகிறார். 1937-இல் சித்தூர் மாவட்டம் காட்டூரில் பிறந்தவர். 1911 வரை சித்தூர்ப் பக்கம் வட ஆற்காட்டோடு இருந்தது. அந்த உரிமையில் அவரை நாம் பக்கத்து ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் 1958-இல் சிவில் முடித்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டில் மெக்கார்த்தியிடமே ஆய்வு செய்தார். மனிதப் பேச்சை இயந்திரம் புரிந்துகொள்ளும் வேலையில் முன்னோடி. கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது 1994-இல் எட்வர்டு ஃபைகன்பாமோடு சேர்த்து அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிய வேண்டும்.

கத்திரிக்காய்க்கு மார்க்

இரண்டாவது வேலை கற்கும் கட்சியின் இதயம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் நல்லது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது, மண்டியில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். எந்தக் காயானாலும் சரி. கேள்வி ஒன்றுதான்: காய் இளசா, முற்றலா?

வெட்டாமலே மூன்று குணங்களைப் பாருங்கள். தோல் மினுக்குகிறதா, காம்பு பச்சையாக இருக்கிறதா, அளவுக்கு மீறிக் கனக்கிறதா. ஆமாம் என்றால் 1, இல்லை என்றால் 0. பிறகு வெட்டிப் பாருங்கள். விதை பழுத்துக் கெட்டியாக இருந்தால் முற்றல். இப்படி நான்கு காய் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

அ: மினுக்கு 1, காம்பு 1, கனம் 0. இளசு.
ஆ: மினுக்கு 1, காம்பு 1, கனம் 1. முற்றல்.
இ: மினுக்கு 0, காம்பு 1, கனம் 0. இளசு.
ஈ: மினுக்கு 1, காம்பு 0, கனம் 1. முற்றல்.

மூன்று குணத்துக்கும் தலா ஒரு மார்க், எல்லாக் காய்க்கும் பொதுவாக ஒரு கிரேஸ் மார்க். தொடக்கத்தில் நான்கும் 0. எந்தக் குணம் 1 என்று இருக்கிறதோ அதன் மார்க்கை மட்டும் கூட்டி, கிரேஸ் மார்க்கையும் சேருங்கள். மொத்தம் 0-க்கு மேல் என்றால் ‘இளசு’. 0 அல்லது அதற்குக் கீழே என்றால் ‘முற்றல்’. பதில் சரியாக இருந்தால் எதையும் தொடாதீர்கள். இளசை முற்றல் என்று சொல்லியிருந்தால், அந்தக் காயில் 1 என்று இருந்த குணங்களுக்கும் கிரேஸுக்கும் ஒவ்வொரு மார்க் கூட்டுங்கள். முற்றலை இளசு என்று சொல்லியிருந்தால் அதே இடங்களில் ஒவ்வொன்று குறையுங்கள்.

அ: மொத்தம் 0, ‘முற்றல்’ என்கிறது. தப்பு. மினுக்கு 1, காம்பு 1, கனம் 0, கிரேஸ் 1 ஆகிறது.
ஆ: 1+1+0+1, மொத்தம் 3. ‘இளசு’ என்கிறது. தப்பு. மினுக்கு 0, காம்பு 0, கனம் -1, கிரேஸ் 0.
இ: மொத்தம் 0. தப்பு. மினுக்கு 0, காம்பு 1, கனம் -1, கிரேஸ் 1.
ஈ: 0-1+1, மொத்தம் 0. ‘முற்றல்’. சரி.

இரண்டாம் சுற்றில் அ-வும் ஈ-யும் சரியாகும். ஆ, இ இரண்டிலும் மறுபடி தப்பு வரும். திருத்தினால் மினுக்கு -1, காம்பு 1, கனம் -2, கிரேஸ் 1 என்று நிற்கும். மூன்றாம் சுற்றில் நான்குமே சரி. நோட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள்; ஒரு கூட்டல் தவறினாலும் பெரும்பாலும் மூன்றாம் சுற்றில் அகப்பட்டுவிடும்.

நூற்றுக்கு நூறு. ஆனால் மினுக்குக்கு என்ன மார்க் என்று கவனியுங்கள்: -1. தோல் மினுக்குவது கெட்ட குணம் என்று இந்தக் கணக்கு நம்புகிறது! கத்திரிக்காய் வாங்கிப் பழகிய எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாம் காட்டிய நான்கில், மினுக்கிய மூன்று காயில் இரண்டு முற்றலாக இருந்துவிட்டன, அவ்வளவுதான் காரணம். இயந்திரம் எல்லாப் பதிலையும் சரியாகச் சொல்லிக்கொண்டே தப்பான பாடத்தைக் கற்றிருக்க முடியும். செயற்கை நுண்ணறிவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவதாக உ என்ற காயைக் காட்டுங்கள்: மினுக்கு 1, காம்பு 0, கனம் 0, இளசு. தப்பாகச் சொல்லும். திருத்திக்கொண்டே ஐந்தையும் சுற்றி வந்தால் முடிவில் மினுக்கு 0, காம்பு 0, கனம் -3, கிரேஸ் 2 என்று வந்து நிற்கும். இப்போது அது கனத்தை மட்டும் பார்க்கிறது. ஐந்து காயையும் பிரிக்க அது ஒன்றே போதும் என்று குறுக்கு வழி பிடித்துவிட்டது. காம்பும் தேவை என்று அது உணர வேண்டுமானால், கனம் இல்லாமல் காம்பு காய்ந்து முற்றிப்போன காய்களை நீங்கள் தேடிக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி தொழிற்சாலைகளில் தோலைத் தரம் பிரிக்கக் கேமரா வைக்க நினைப்பவருக்கும் இதே பாடம்தான்: நல்ல தோலின் படம் ஆயிரம் வைத்திருந்து, பூச்சி கடித்த தோலின் படம் பத்துதான் இருந்தால், கேமரா எல்லாத் தோலையும் நல்லது என்றே சொல்லிப் பிழைத்துக்கொள்ளும்.

மார்க் என்று நாம் சொன்னதைத் துறையில் எடை என்பார்கள். 1943-இல் மெக்கலக், பிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நரம்பணுவை இப்படி ஒரு கூட்டல் கணக்காக எழுதிப் பார்த்தார்கள். தப்பு வரும்போது எடையைத் திருத்தும் முறையை ஃபிராங்க் ரோசன்பிளாட் 1950-களின் இறுதியில் கொண்டுவந்தார், பெயர் பெர்செப்ட்ரான். அவர் கட்டிய இயந்திரத்துக்கு 400 ஒளி உணரிகள் கண்ணாக இருந்தன. எடையை மாற்ற மோட்டார்கள் குமிழ்களைத் திருகின. நீங்கள் பென்சிலால் அழித்து எழுதியதை அந்த மோட்டார் செய்தது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. மாடிப்படி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ஒன்று மட்டும் போட்டிருந்தால் எரியும். இரண்டும் போட்டாலும் அணையும், இரண்டும் போடாவிட்டாலும் அணையும். இரண்டு சுவிட்சுக்கு இரண்டு மார்க், ஒரு கிரேஸ் வைத்துக்கொண்டு இதைக் கற்பிக்க முயலுங்கள். எத்தனை சுற்று போனாலும் முடியாது, மார்க் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே கூட்டலில் அடங்காத கணக்கு இது. 1969-இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் இந்த எல்லையைக் கணிதமாக நிறுவிக் காட்டியதும் இந்தப் பக்கம் ஆர்வமும் பணமும் வற்றிப்போயின. வழி என்னவென்றால் கூட்டல்களை அடுக்காக வைப்பது: ஓர் அடுக்கின் விடை அடுத்த அடுக்குக்குக் குணமாகப் போக வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் அடுக்குக்குப் பழியை எப்படிப் பங்கிடுவது என்ற முறையை 1986-இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் பரவலாக்கினார்கள். மஞ்சள் மணிக்கு நேர்ந்த அநியாயத்துக்கு இங்கே கணக்கில் ஒரு பரிகாரம் கிடைத்தது. 2012-இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் இந்த அடுக்கு முறை மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. 2024-இல் ஹின்டனுக்கு ஜான் ஹாப்ஃபீல்டோடு சேர்த்து இயற்பியல் நோபல் கிடைத்தது.

அடுத்த சொல்

மூன்றாவது வேலை சுலபம், ஃபேனை மட்டும் அணைத்துவிடுங்கள். நாளிதழிலிருந்தோ பாடப் புத்தகத்திலிருந்தோ 30 வாக்கியங்களை எடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கவர். அந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன சொல் வந்ததோ அதைச் சீட்டில் எழுதி அந்தக் கவரில் போடுங்கள்; ஐந்து முறை வந்தால் ஐந்து சீட்டு. பிறகு ஒரு சொல்லில் தொடங்கி, அதன் கவரில் ஒரு சீட்டை எடுத்து, வந்த சொல்லின் கவரைத் திறந்து, இப்படியே போங்கள். வாக்கியம் மாதிரி ஒன்று வரும். அரைகுறையாக இருக்கும், ஆனால் தமிழ் மாதிரி இருக்கும்.

ஆந்திரேய் மார்க்கோவ் 1913-இல் ஒரு ருஷ்யக் கவிதை நூலின் 20,000 எழுத்துகளை இப்படிக் கையாலேயே எண்ணினார், உயிரெழுத்துக்குப் பின் என்ன வருகிறது என்று. இன்றைய சாட் செயலிகள் ஒரே ஒரு முந்தைய சொல்லைப் பார்த்து நிற்பதில்லை. முன்னால் போன ஆயிரக்கணக்கான சொற்களில் எது முக்கியம் என்று எடை போட்டுப் பார்க்கின்றன. அதற்கு வழி திறந்தது 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பு. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. ஆனாலும் வேலை அடுத்தது என்ன என்று ஊகிப்பதுதான்.

தமிழில் செய்யும்போது ஒரு சிக்கல் உடனே தட்டுப்படும். வேலூர், வேலூரில், வேலூருக்கு, வேலூரிலிருந்து, வேலூர்க்காரர் எல்லாம் தனித்தனிக் கவராகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, இரண்டு சீட்டுதான் விழும். ‘வேலூர்’ என்பதையும் ‘இல்’, ‘உக்கு’, ‘இலிருந்து’ என்ற ஒட்டுகளையும் பிரித்துத் தனிக் கவர் போட்டுப் பாருங்கள், சீட்டு சேரும், வாக்கியமும் தேறும். பெரிய செயலிகளும் சொல்லைத் துண்டாக்கித்தான் எண்ணுகின்றன. ஆங்கிலத்தை அதிகம் பார்த்து வெட்டப் பழகியவை என்பதால் தமிழ்ச் சொல்லைப் பல நேரம் கண்ட இடத்தில், அதுவும் நிறையத் துண்டுகளாக வெட்டிவிடுகின்றன.

கடைசியாக ஒரு சோதனை. வரலாற்றுப் புத்தகத்தில் சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றிய 20 வாக்கியங்களை எடுங்கள். பெரும்பாலானவை 1857-ஐப் பற்றியே இருக்கும். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-இல் நடந்ததைப் பற்றி ஒன்றோ இரண்டோ இருக்கும். ‘சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த ஆண்டு’ என்று வரும் இடத்தில் ‘ஆண்டு’ என்ற சொல்லின் கவரில் என்ன சீட்டுகள் விழுந்தன என்று எண்ணுங்கள். இப்போது ‘வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த ஆண்டு’ என்று தொடங்கி, அந்தக் கவரில் கண்ணை மூடி ஒரு சீட்டை எடுங்கள், குறித்துக்கொண்டு திரும்பப் போடுங்கள், இப்படி 20 முறை. 1857 என்று வரவே வாய்ப்பு அதிகம். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதற்கு வேலூரும் தெரியாது, கோட்டையும் தெரியாது, சீட்டின் எண்ணிக்கைதான் தெரியும். பிறகு ‘ஆண்டு’ என்ற ஒரு சொல்லைப் பார்த்துச் சீட்டுப் போடுவதை விட்டுவிட்டு, முன்னால் ‘வேலூர்’ வந்த வாக்கியங்களுக்கு என்று ஒரு கவரைப் பிரித்து வையுங்கள். 1806-ஐப் பற்றிய வாக்கியங்கள் இன்னும் பத்தைத் தேடி எழுதி அதில் போடுங்கள். மறுபடி 20 முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் சீட்டைத் திரும்பப் போட்டு, முன்பு எத்தனை 1857, இப்போது எத்தனை 1857 என்று நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.